கணினி கேள்வி–பதில்: ஆக்சஸில் பெரிய படிவங்கள்

தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் நூற்றுக்கணக்கான விவரங்களைப் பதியும் படிவங்களை எப்படி அமைப்பது என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். எல்லாக் கேள்விகளும் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனம் கிராமங்களில் குடும்பக் கணக்கெடுப்பு நடத்தியது. வினாத்தாள் பதினாறு பக்கம். கேள்விக்கு ஒரு ஃபீல்டு (அட்டவணையின் ஒரு நெடுவரிசை) வீதம் ஒரே அட்டவணையாக அமைத்தேன். ஒரு வீட்டில் பத்துப் பேர் வரை இருக்கலாம் என்பதால் பெயர்1, வயது1, படிப்பு1 என்று தொடங்கி பெயர்10, வயது10, படிப்பு10 வரை ஃபீல்டுகள் உண்டு. இப்போது அட்டவணையில் புதிய ஃபீல்டு சேர்க்க முடியவில்லை. படிவத்திலும் புதிய கன்ட்ரோல் (எழுதும் கட்டம், பொத்தான் போன்றவை) எதையும் வைக்க முடியவில்லை. வழி உண்டா?
— கணக்கெடுப்புப் பணியாளர், திண்டுக்கல்

பதில்: உங்களை மறித்து நிற்பவை இரண்டு வெவ்வேறு வரம்புகள். ஓர் அட்டவணையில் 255 ஃபீல்டுகளுக்கு மேல் ஆக்சஸ் ஏற்காது. ஃபீல்டுகளை அழித்தும் திருத்தியும் வரும்போது பழையவையும் உள்கணக்கில் நீடிப்பதால், கண்ணுக்கு 255 இல்லாதபோதுகூட இந்த மறுப்பு வரும். கோப்பைச் சுருக்கிச் சீராக்கும் ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ செய்தால் அந்தக் கணக்கு சரியாகும். படிவத்துக்கான வரம்பு வேறு: ஒரு படிவத்தின் ஆயுள் முழுவதிலும் அதில் சேர்க்கக்கூடிய கன்ட்ரோல்களும் பகுதிகளும் சேர்ந்து 754 மட்டுமே. நீங்கள் வைத்துவிட்டு அழித்தவையும் இதில் அடங்கும். ஒவ்வொரு டெக்ஸ்ட் பாக்ஸோடும் (எழுதும் கட்டத்தோடும்) அதன் பெயரைக் காட்டும் ஒரு லேபிள் ஒட்டிக்கொண்டு வருவதையும், மாதக்கணக்கில் படிவத்தை மாற்றி மாற்றி அமைப்பதையும் எண்ணிப் பார்த்தால் இந்த எண்ணிக்கை எவ்வளவு விரைவில் தீரும் என்பது விளங்கும். புதிய வெற்றுப் படிவம் ஒன்றைத் திறந்து, பழைய படிவத்தின் கன்ட்ரோல்களை நகலெடுத்து அதில் ஒட்டினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். நிரல் எழுதியிருந்தால் அதைத் தனியாக நகலெடுத்து, ஒவ்வொரு நிகழ்வும் சரியாக இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இவை தற்காலிகமாக மூச்சு விடுவதற்கு மட்டுமே உதவும். உங்கள் படிவம் பெரிதாகிப்போனதற்கு வினாத்தாளின் நீளம் காரணமல்ல. உறுப்பினர் விவரங்கள் குடும்ப அட்டவணைக்குள் இருப்பதுதான் காரணம். ஓர் உறுப்பினருக்கு எட்டு விவரங்கள் என்று வைத்துக்கொண்டால் பத்துப் பேருக்கு எண்பது ஃபீல்டுகள் ஆகின்றன. மூன்று பேர் கொண்ட குடும்பத்தில் அவற்றில் ஐம்பத்தாறு வெறுமையாகக் கிடக்கும். பதினொரு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம் வந்துவிட்டால் கடைசி ஆளை எழுத இடமே இருக்காது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணவேண்டுமானால் வயது1 முதல் வயது10 வரை பத்து இடங்களிலும் தேட வேண்டியிருக்கும்.

உறுப்பினர்களுக்கென்று தனி அட்டவணை ஒன்று அமையுங்கள். அதில் குடும்ப எண், உறுப்பினரின் வரிசை எண், அதன்பின் அந்த எட்டு விவரங்கள் என்று பத்தே ஃபீல்டுகள் போதும். குடும்பப் படிவத்துக்குள் இதை ஒரு சப்ஃபார்மாக, வரிசைகள் கீழ்நோக்கி நீளும் தொடர் படிவமாக வைத்து, ‘லிங்க் மாஸ்டர் ஃபீல்ட்ஸ்’, ‘லிங்க் சைல்டு ஃபீல்ட்ஸ்’ இரண்டிலும் குடும்ப எண்ணைக் குறிப்பிட்டால், எந்தக் குடும்பம் திரையில் இருக்கிறதோ அதன் உறுப்பினர்கள் மட்டுமே தெரிவார்கள். புதிதாகச் சேர்ப்பவருக்கும் குடும்ப எண் தானாகவே பதிவாகும். வாங்கிய கடன்கள், வைத்திருக்கும் நிலங்கள், கால்நடைகள் ஆகியவற்றுக்கும் இதே முறைதான். வினாத்தாளில் எங்கெல்லாம் கட்டம் போட்டு, வரிசை வரிசையாக எழுத இடம் விட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் ஓர் அட்டவணை ஒளிந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

இப்படிப் பிரித்த பிறகும் ஒரு குடும்பத்துக்கு ஒரே முறை வரும் கேள்விகள் 255-ஐத் தாண்டினால் மட்டும், வீடு, வருமானம், உடல்நலம் என்று பகுதிவாரியாக அட்டவணைகளைப் பிரித்து, எல்லாவற்றிலும் குடும்ப எண்ணையே முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டாக) வையுங்கள். அவற்றை ஒரே வினவலில் (அட்டவணைகளிலிருந்து தரவைத் திரட்டித் தரும் ‘க்வெரி’யில்) சேர்த்து ஒரே படிவத்துக்கு அடிப்படையாக்க முடியாது. வினவலின் விடைக்கும் அதே 255 வரம்பு உண்டு. ஒவ்வொரு பகுதியும் தனித்தனி சப்ஃபார்மாகவே வர வேண்டும். எண்ணிக்கை வரம்புக்குள் அடங்குமானால் பார்வைக்கு அழகாக இருக்கும் என்பதற்காக இப்படிப் பிரிக்காதீர்கள். அதனால் வேலைதான் கூடும்.

கேள்வி: ‘விவசாயம் செய்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றால் அடுத்த பன்னிரண்டு கேள்விகளைத் தாண்டிப் போக வேண்டும். நான் அந்தப் பன்னிரண்டையும் செயலிழக்கச் செய்யும் நிரல் எழுதியிருக்கிறேன். சில பதிவுகளில் சரியாக இருக்கிறது. சில பதிவுகளில் ‘ஆம்’ என்று இருந்தும் அவை மங்கலாகவே நிற்கின்றன.
— ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அந்த நிரலை நீங்கள் கேள்வியின் ‘ஆஃப்டர் அப்டேட்’ நிகழ்வில் மட்டும் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நிகழ்வு பயனர் விடையை மாற்றும்போதுதான் நடக்கும். வேறொரு பதிவுக்கு நகரும்போது நடக்காது. ஆகவே முந்தைய குடும்பத்துக்காக மங்கிய கட்டங்கள் அடுத்த குடும்பத்துக்கும் அப்படியே மங்கி நிற்கின்றன. நிரலைத் தனி நடைமுறையாக எழுதி, அந்தக் கேள்வியின் ‘ஆஃப்டர் அப்டேட்’ நிகழ்விலிருந்தும் ஒவ்வொரு பதிவுக்கு வரும்போதும் நடக்கும் படிவத்தின் ‘கரன்ட்’ நிகழ்விலிருந்தும் அதை அழையுங்கள். பன்னிரண்டு கன்ட்ரோல்களின் பெயர்களையும் நிரலில் எழுத வேண்டியதில்லை. அவற்றின் ‘டேக்’ பண்பில் ‘விவசாயம்’ என்று ஒரே சொல்லைக் குறித்துவிட்டு, அந்தச் சொல் உள்ள கன்ட்ரோல்களை ஒரு சுழற்சியில் தேடிப்பிடித்து மாற்றலாம். நாளை பதின்மூன்றாவது கேள்வி வந்தால் நிரலைத் தொடவே வேண்டாம். கர்சர் நிற்கும் கட்டத்தை ஆக்சஸ் செயலிழக்க விடாது என்பதால், பதிவுகளுக்கிடையே நகரும்போது பிழைச் செய்தி வராமலிருக்கக் கர்சரை முதலில் குடும்ப எண்ணுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஆம்’ என்று பதிந்து, பன்னிரண்டு விடைகளையும் நிரப்பிய பிறகு ‘இல்லை’ என்று திருத்தினால், மங்கிய கட்டங்களுக்குள் பழைய விடைகள் அப்படியே இருக்கும். கணக்கிடும்போது விவசாயம் செய்யாத குடும்பத்துக்கும் ஏக்கர் கணக்கு வந்து சேரும். ஆகவே ‘இல்லை’ என்றவுடன் பயனரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அந்த விடைகளை நிரலே அழித்துவிட வேண்டும்.

கேள்வியை நீங்கள் ‘எஸ்/நோ’ வகை ஃபீல்டாக வைத்திருந்தால் அதை உடனே மாற்றிவிடுங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். ஆக்சஸின் எஸ்/நோ ஃபீல்டு வெறுமையாக இருக்கவே முடியாது. விடை தராதவர், கேள்வி கேட்கப்படாதவர், விவரங்களைப் பதியும் பதிவாளர் பார்க்காமல் தாண்டிவிட்டவர் எல்லோருமே ‘இல்லை’ என்று பதிவாகிவிடுவார்கள். பிறகு உண்மையாகவே ‘இல்லை’ என்றவர்களிடமிருந்து இவர்களைப் பிரித்தெடுக்க எந்த வழியும் இல்லை. ஆய்வுக்கான தரவில் இதைவிடப் பெரிய சேதம் வேண்டாம். எண் வகை ஃபீல்டாக வைத்து 1 ஆம், 2 இல்லை, 9 விடையில்லை என்று குறியிடுங்கள். வெறுமையாக இருந்தால் இன்னும் பதியவில்லை என்று பொருள். எண் வகை ஃபீல்டுகளின் ‘டிஃபால்ட் வேல்யூ’ இடத்தில் பூஜ்யம் இருந்தால் அதையும் அழித்துவிடுங்கள்; இல்லையென்றால் பதியாத வருமானம் எல்லாம் பூஜ்ய வருமானமாகிவிடும்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையின் நோயாளி படிவத்தில் எட்டு டேப்களும் (தலைப்பைச் சொடுக்கினால் திறக்கும் பக்கங்கள்), அவற்றுள் ஒன்பது சப்ஃபார்ம்களும் இருக்கின்றன. தொடக்கத்தில் வேகமாக இருந்தது. இப்போது திறப்பதற்கே வெகுநேரம் பிடிக்கிறது. டேப்களைக் குறைக்க வேண்டுமா?
— பதிவேட்டுப் பிரிவு அலுவலர், மதுரை

பதில்: டேப்களால் தாமதம் வருவதில்லை, அவற்றுக்குள் இருக்கும் சப்ஃபார்ம்களால்தான் வருகிறது. ஒரு படிவத்தைத் திறக்கும்போது ஆக்சஸ் முதலில் சப்ஃபார்ம்களை ஏற்றிவிட்டுத்தான் முதன்மைப் படிவத்தை ஏற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத டேப்பில் இருக்கும் சப்ஃபார்முக்கும் விலக்கு இல்லை. அதாவது நோயாளியின் முகவரியை மட்டும் பார்க்க வந்தவருக்காகவும் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள், கட்டண வரலாறு அனைத்தும் ஒவ்வொரு முறையும் படிக்கப்படுகின்றன. முதல் டேப்பைத் தவிர மற்றவற்றில் உள்ள சப்ஃபார்ம் கன்ட்ரோல்களின் ‘சோர்ஸ் ஆப்ஜெக்ட்’ பண்பை வெறுமையாக விட்டுவிட்டு, டேப் கன்ட்ரோலின் ‘ஆன் சேஞ்ச்’ நிகழ்வில், எந்தப் பக்கம் திறக்கப்பட்டதோ அந்தப் பக்கத்தின் சப்ஃபார்மின் பெயரை மட்டும் அதில் இடுங்கள். ஏற்றியபின் இணைப்பு ஃபீல்டுகள் இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதன்மைப் படிவமும் எல்லா நோயாளிகளையும் சுமந்துகொண்டு திறக்க வேண்டியதில்லை. பதிவு எண்ணைக் கேட்டு அந்த ஒருவரை மட்டும் கொண்டுவரும்படி நிபந்தனையோடு திறக்கலாம். புதிய நோயாளியைச் சேர்ப்பதற்கென்றே திறக்கும்போது ‘டேட்டா என்ட்ரி’ பண்பை ‘எஸ்’ என்று வைத்தால் பழைய பதிவுகள் எதுவும் ஏற்றப்படாமல் வெற்றுப் பக்கம் மட்டுமே வரும். நாள் முழுதும் பழைய பதிவுகளைப் பார்க்கத் தேவையில்லாத முன்பதிவு மேசைக்கு இதுவே பொருத்தம்.

கேள்வி: கூட்டுறவுச் சங்கத்தில் கடன் விண்ணப்பங்களைப் பதிகிறோம். எல்லா முக்கிய விவரங்களும் இருந்தால்தான் பதிவைச் சேமிக்க வேண்டும் என்று பதிவைச் சேமிக்கும் முன் நடக்கும் படிவத்தின் ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்வில் சோதனை வைத்தேன். ஆனால் ஜாமீன்தாரர் சப்ஃபார்முக்குள் கர்சரை வைத்த உடனேயே ‘கடன் தொகை நிரப்பப்படவில்லை’ என்று செய்தி வருகிறது. கடன் தொகைக் கட்டம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.
— சங்கச் செயலாளர், நாமக்கல் மாவட்டம்

பதில்: முதன்மைப் படிவத்திலிருந்து சப்ஃபார்முக்குள் நுழையும் கணத்தில் ஆக்சஸ் முதன்மைப் பதிவைச் சேமிக்கிறது. தாய்ப் பதிவு அட்டவணையில் இருந்தால்தான் பிள்ளைப் பதிவை அதோடு இணைக்க முடியும் என்பதால் இது தவிர்க்க முடியாத ஏற்பாடு. பெரிய படிவத்தை அமைப்பவர்கள் பெரும்பாலும் ‘சேமி’ என்ற பொத்தானை அழுத்தும்போதுதான் பதிவு சேமிக்கப்படுகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அட்டவணையோடு கட்டப்பட்ட ஆக்சஸ் படிவத்தில் சேமிப்பு பயனர் அறியாமலே பல இடங்களில் நடந்துவிடும்.

எளிய தீர்வு, முதன்மைப் பதிவின் கட்டங்கள் எல்லாவற்றையும் சப்ஃபார்முக்கு முன்னால் கொண்டுவருவதுதான். ஆனால் தாளில் ஜாமீன்தாரர் விவரம் நடுவில் இருக்குமானால், திரைக்காகத் தாளின் வரிசையை மாற்றினால் பதிவாளரின் கண் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மேலும் கீழும் அலைய வேண்டிவரும். நான் பரிந்துரைப்பது சோதனையை இரண்டு படிகளாகப் பிரிப்பது. ஒரு பதிவு இருக்கிறது என்று சொல்வதற்கே தேவையான விவரங்கள் சில உண்டு: விண்ணப்ப எண், உறுப்பினர் எண், விண்ணப்பித்த நாள். இவற்றை அட்டவணையிலேயே ‘ரிக்வயர்டு’ என்று கட்டாயமாக்குங்கள். எந்தப் படிவத்தின் வழியாக வந்தாலும், வேறொரு கோப்பிலிருந்து இறக்குமதி செய்தாலும் அந்தக் காவல் நிற்கும். மற்ற விவரங்கள் விண்ணப்பம் முழுமையானது என்று சொல்வதற்குத் தேவையானவை. இவற்றுக்கு ‘நிலை’ என்று ஒரு ஃபீல்டு வைத்து, புதிய பதிவு ‘நிலுவை’ என்றே தொடங்கட்டும். கடைசியில் ‘முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்தும்போது எல்லாக் கட்டங்களையும், சப்ஃபார்மில் ஜாமீன்தாரர் ஒருவராவது இருக்கிறாரா என்பதையும் சேர்த்துச் சோதித்து, குறைகள் அனைத்தையும் ஒரே செய்தியில் பட்டியலாகக் காட்டி, குறை இல்லாவிட்டால் நிலையை ‘முழுமை’ என்று மாற்றுங்கள். கடன் வழங்கும் அறிக்கைகள் முழுமையானவற்றை மட்டுமே எடுக்க வேண்டும்.

இந்த முறையை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. தாளில் விவரம் விட்டுப்போயிருக்கும்போது படிவம் பதிவாளரை மேலே போகவிடாமல் தடுத்தால், அவர் கையில் கிடைத்த ஏதோ ஓர் எண்ணை அடித்துவிட்டுத்தான் மேலே போவார். வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது அவரைக் குறை சொல்ல முடியாது. வெறுமையாக இருக்கும் கட்டத்தை நாளை தேடிப்பிடித்து நிரப்பலாம். இட்டுக்கட்டி எழுதிய எண்ணை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: கைப்பேசி எண்ணை ‘நம்பர்’ வகையில் வைத்தேன். எந்த எண்ணை அடித்தாலும் ஏற்கவில்லை.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: ‘லாங் இன்டிஜர்’ அளவுக்கு உச்சவரம்பு 2,147,483,647. நம் நாட்டுப் பத்து இலக்கக் கைப்பேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் தொடங்குவதால் எல்லாமே அதைவிடப் பெரியவை. ‘ஷார்ட் டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றி, பத்து இலக்கமும் எண்களாக இருக்க வேண்டும் என்ற சோதனையை வையுங்கள். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால், அஞ்சல் குறியீட்டெண் உட்பட அனைத்தையும் எழுத்தாகவே வைப்பது நல்லது.

கேள்வி: ஊழியர் விவரப் படிவத்தில் பெயருக்கு 12 எழுத்து இடம் தந்திருக்கிறேன். ‘தமிழ்ச்செல்வி’ என்ற பெயரில் ஏழே எழுத்துகள்தான் இருக்கின்றன. ஆனாலும் முழுதாக அடிக்க முடியவில்லை. தமிழில் விவரங்கள் கூடக் கூட ‘பதிவு மிகப் பெரிது’ என்ற பொருளில் செய்தியும் வருகிறது. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை.
— அலுவலக உதவியாளர், யாழ்ப்பாணம்

பதில்: நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதும் உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு ஒரு குறியீடு என்று எண்ணுவதும் வேறு. ‘த’ ஒரு குறியீடு. ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்து இரண்டு. ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்து இரண்டு. இப்படி எண்ணினால் ‘தமிழ்ச்செல்வி’ 13 குறியீடுகள் ஆகிறது. உங்கள் கட்டம் 12-இல் நின்றுவிடுவதால் கடைசி இகரக் குறி மட்டும் விழவில்லை. தமிழ்ப் பெயர்களுக்கு எதிர்பார்க்கும் எழுத்துகளைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகவே இடம் கொடுங்கள். ஷார்ட் டெக்ஸ்ட் வகையில் 255 வரை தரலாம். அளவைக் கூட்டி வைப்பதால் கோப்பு பெரிதாவதில்லை, அடித்த அளவுக்கே இடம் பிடிக்கும்.

இரண்டாவது தொல்லைக்குக் காரணம், ஒரு பதிவு முழுவதும் 4 கிலோபைட் பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்ற ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளை ஆக்சஸ் ஒரு பைட்டாகச் சுருக்கி வைக்கிறது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் இரண்டு பைட்டுகள் பிடிக்கும். ஆகவே ஆங்கிலத்தில் ஏறத்தாழ 4,000 குறியீடுகள் கொள்ளும் பதிவு தமிழில் அதில் பாதியைத்தான் கொள்ளும். முகவரி, குறிப்புகள், மேலதிகாரியின் கருத்து போன்ற நீண்ட பகுதிகளை ‘லாங் டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றினால் அவை இந்தக் கணக்கில் சேராது. படிவத்தைச் சோதிக்கும்போது ‘அஅஅ’ என்று மூன்று எழுத்து அடித்துப் பார்க்காமல், உங்கள் அலுவலகத்திலேயே மிக நீளமான பெயரும் முகவரியும் கொண்டவரின் விவரத்தை முழுதாகப் பதிந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் பதிவாளர்கள் விசைப்பலகையை விட்டுச் சுட்டியைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். டேப் விசையை அழுத்தினால் கர்சர் ஒழுங்கில்லாமல் இங்குமங்கும் தாவுகிறது. வேகத்தைக் கூட்ட வேறு என்ன செய்யலாம்?
— மேற்பார்வையாளர், சேலம்

பதில்: இடப்பக்கம் ஒரு பத்தி, வலப்பக்கம் ஒரு பத்தி என்று கட்டங்களை இரண்டு பத்திகளாக வைத்துவிட்டு, ‘டேப் ஆர்டர்’ பெட்டியில் ‘ஆட்டோ ஆர்டர்’ கொடுத்திருப்பீர்கள். அது இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் வரிசைப்படுத்துகிறது. ஆகவே இடப்பத்தியில் தந்தை பெயரை அடித்து முடித்ததும் கர்சர் கீழே பிறந்த நாளுக்குப் போகாமல் வலப்பத்தியில் வங்கிக் கணக்குக்குத் தாவும். வலப்பத்தியின் கட்டம் ஒரு மயிரிழை மேலே இருந்தால் வரிசை இன்னும் குழம்பும். அந்தப் பெட்டியிலேயே வரிகளை இழுத்து, தாளில் உள்ள வரிசைப்படி கையால் அடுக்குங்கள். கணக்கிட்டுக் காட்டும் கட்டங்களுக்கு ‘டேப் ஸ்டாப்’ பண்பை ‘நோ’ ஆக்கினால் கர்சர் அங்கே நிற்காது. ‘சைக்கிள்’ பண்பை ‘கரன்ட் ரெக்கார்டு’ என்று வைத்தால் கடைசிக் கட்டத்தில் டேப் அழுத்தியதும் அடுத்த விண்ணப்பத்துக்கு நழுவிப்போவது நிற்கும்.

பதிவாளர்களுக்கு இரண்டு விசைகளைக் கற்றுக்கொடுங்கள்: கன்ட்ரோல் விசையோடு ஒற்றை மேற்கோள் குறியை அழுத்தினால் முந்தைய பதிவின் அதே ஃபீல்டில் உள்ள விவரம் வந்து விழும்; கன்ட்ரோலோடு அரைப்புள்ளியை அழுத்தினால் இன்றைய தேதி வரும். ஒரே ஊரின் தாள்கள் கட்டாக வரும் இடங்களில் முதலாவது மட்டுமே பெரிய சுமையைக் குறைத்துவிடும்.

ஊர், வட்டம் போன்றவற்றைத் தேர்ந்தெடுக்கும் காம்போ பாக்ஸ்களில் (கீழே விரியும் பட்டியல் கட்டங்களில்) முதல் பத்தியாகக் குறியீட்டெண்ணும் அடுத்த பத்தியாகப் பெயரும் தெரியட்டும். எண்ணை அடித்தே தேர்ந்தெடுக்க முடிந்தால் விசைப்பலகையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பட்டியலில் உள்ளதை மட்டுமே ஏற்கச் செய்யும் ‘லிமிட் டு லிஸ்ட்’ பண்பு ‘எஸ்’ என்றே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஊர் நான்கு விதமான எழுத்துக்கூட்டல்களில் வந்து நிற்கும். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதன் வட்டங்கள் மட்டும் தெரியும்படி அடுக்கு காம்போக்களை அமைக்கிறவர்கள், அவற்றைத் தொடர் படிவத்தில் வைக்க வேண்டாம். எல்லா வரிசைகளுக்கும் பட்டியல் ஒன்றே என்பதால், ஒரு வரிசையில் மாவட்டத்தை மாற்றியதும் வேறு மாவட்டத்து வரிசைகளில் வட்டத்தின் பெயர் மறைந்து வெறுமையாகத் தெரியும். தரவு அழிவதில்லை என்றாலும் பதிவாளர் அழிந்துவிட்டதாக எண்ணி மறுபடியும் அடிப்பார்.

கேள்வி: பிறந்த நாள் சில பதிவுகளில் சரியாகவும் சில பதிவுகளில் நாளும் மாதமும் இடம் மாறியும் இருக்கின்றன. பதிந்தவர் ஒருவரே. எப்படி?
— பள்ளி அலுவலர், விழுப்புரம்

பதில்: பதிந்தவர் மாதத்தை முதலில் அடிக்கும் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். நம் நாட்டு அமைப்பில் உள்ள கணினியில் 04/25/2012 என்று அடித்தால், இருபத்தைந்தாவது மாதம் இல்லை என்பதால் ஆக்சஸ் எச்சரிக்காமல் தானே திருப்பி ஏப்ரல் 25 என்று எடுத்துக்கொள்கிறது. 04/05/2012 என்று அடித்தாலோ மே 4 என்று கொள்கிறது. அதுவும் எச்சரிக்கை இல்லாமல். நாள் 12-க்குள் இருந்தால் இடம் மாறும், 12-ஐத் தாண்டினால் சரியாகிவிடும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் பன்னிரண்டு நாள்களைக் கழித்தால் ஆண்டுக்கு 132 தேதிகள் இப்படித் தவறாகப் பதிவாகக்கூடியவை. மற்றவை சரியாக இருப்பதனாலேயே தவறு வெகுநாள் கண்ணில் படாது.

கட்டத்தின் ‘ஃபார்மேட்’ பண்பில் மாதம் எழுத்தால் தெரியும் வடிவத்தை வையுங்கள். அடித்து முடித்ததும் ‘04-மே-2012’ என்பதுபோல் திரையில் மாறும்போது தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குத் தவறு உடனே தெரிந்துவிடும். அதற்கு அருகில் வயதைக் கணக்கிட்டுக் காட்டும் பூட்டிய கட்டம் ஒன்றும் இருக்கட்டும். ஆண்டு தவறாக விழுந்தால் அது காட்டிக்கொடுக்கும். நிரலில் எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கட்டளை மொழி) வாக்கியம் எழுதுகிறீர்கள் என்றால், அங்கே தேதியை மாதம்–நாள்–ஆண்டு என்ற வரிசையிலோ ஆண்டு–மாதம்–நாள் என்ற வரிசையிலோ எழுதித்தான் தர வேண்டும். கணினியின் அமைப்பு எதுவாக இருந்தாலும் அங்கே நம் வரிசை செல்லாது.

கேள்வி: பெரிய கணக்கெடுப்பு ஒன்றைப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிய வேண்டும், ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே பதிந்து ஒப்பிடவும் வேண்டும். ஆக்சஸ் போதுமா?
— திட்ட ஒருங்கிணைப்பாளர், சென்னை

பதில்: பன்னிரண்டு பேர் என்பது ஆக்சஸுக்குத் தாங்கக்கூடிய எண்ணிக்கைதான். அட்டவணைகளை ஒரு கோப்பாகப் பொதுக் கணினியில் வைத்து, படிவங்கள் உள்ள கோப்பின் தனித்தனி நகலை ஒவ்வொருவர் கணினியிலும் வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே படிவக் கோப்பைத் திறந்து வேலை செய்வது கோப்பு பழுதாவதற்கு வழிவகுக்கும். இணைப்பு வயர்லெஸ்ஸாக இல்லாமல் கேபிளாக இருப்பது அவசியம்.

ஆனால் இருமுறைப் பதிவு உங்கள் தேவை என்றால் நான் ஆக்சஸைச் சொல்ல மாட்டேன். அதைச் செய்ய அட்டவணைகளை இரட்டிப்பாக்கி, ஒப்பிடும் வினவல்களை எழுதி, வேறுபாடுகளைத் தீர்க்கும் படிவத்தையும் நீங்களே கட்ட வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இலவசமாகத் தரும் ‘சிஎஸ்ப்ரோ’ மென்பொருள் இந்த வேலைக்கென்றே உருவானது. இரண்டாம் முறை பதிபவர் அடிப்பது முதல் பதிவோடு மாறுபட்டால் அந்தக் கட்டத்திலேயே நிறுத்திக் காட்டும் வசதியும், கேள்விகளைத் தாண்டிச் செல்லும் விதிகளை எழுதும் வசதியும் அதில் உள்ளன. பதிவாளர் விரும்பியபடி நகரலாமா, விதிப்படியே நகர வேண்டுமா என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். பதிந்து முடித்த தரவை வெளியே எடுத்து ஆக்சஸில் ஏற்றி அறிக்கைகள் தயாரிப்பதில் தடையில்லை. முதல் ஐம்பது தாள்களை மட்டும் இருவரைக் கொண்டு பதிந்து, எந்தெந்தக் கட்டங்களில் வேறுபாடு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, அந்தக் கட்டங்களைத் திருத்தியமைத்த பிறகு மீதித் தாள்களைத் தொடங்குங்கள்.